தாராவியில் தைத்த கடல் உடுப்பு

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இது கௌரவம். தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், கடலுக்குள் வரப்போகும் காற்றாலைகளில் வேலை பார்க்க உள்ளூர்ப் பையன்களைத் தயார் செய்யும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் எப்படிப் பிழைப்பது என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்த மையத்துக்கு மேலாளர் நான். பையன்கள் நீச்சல் குளத்தில் குதிக்கும்போது கரையில் நின்று விசில் ஊதுவேன். விசில் ஊதுகிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் தொப்பையைப் பார்த்து, இது எப்படியும் மிதக்கும் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

இப்படிப்பட்டவனை நம்பி ஒரு காரியத்தைக் கொடுத்து மும்பைக்கு அனுப்பினார்கள்.

காரியம் இதுதான். கடலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் உடுப்பு உண்டு. கழுத்திலிருந்து கால்வரை ஒரே உறை, பளீரென்ற ஆரஞ்சு நிறம். தண்ணீரில் விழுந்தால் ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆளை மிதக்க வைத்துவிடும். எங்கள் மையத்துக்கு வந்தவை எல்லாம் ஐரோப்பாக்காரர்களின் உடம்புக்குத் தைத்தவை. எங்கள் மாணவன் ஆண்டனி ஒன்றை மாட்டிக்கொண்டு திரும்பினான். அவன் திரும்பினான், உடுப்பு திரும்பவில்லை.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் ஆண்டனியின் அம்மா மரியபுஷ்பம். ஊரில் பெண்களின் தையல் குழுவை நடத்துகிறவர். கம்பெனி ஆட்கள் வந்திருந்த கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க கடல்ல கம்பம் நடப் போறீங்க. அந்தக் கம்பத்து நெழலாவது எங்களுக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டார். "மேல ஏறுற வேலை நாலு பயலுக்குக் கெடைக்கும், சரி. கீழ இருக்கிற நாங்க என்ன செய்ய? இந்தச் சட்டையத் தைக்கிற வேலைய எங்ககிட்ட தாங்க."

கம்பெனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்கள். நம் ஊர் உடம்புக்குத் தகுந்த மாதிரி ஒன்று தைத்து, மும்பையிலிருக்கும் அவர்களுடைய சோதனை அதிகாரியிடம் தேறிக் காட்ட வேண்டும். தேறினால் தைப்பதும் பழுது பார்ப்பதும் புஷ்பத்தின் குழுவுக்கு. தேறாவிட்டால் எல்லாம் வெளிநாட்டிலிருந்தே கப்பலில் வரும்.

புஷ்பத்தின் குழுவுக்கு நைட்டி வரும், பள்ளிக்கூடச் சீருடை வரும். தண்ணீர் புகாத தையல் வராது. அது தெரிந்தவர்கள் தாராவியில் இருந்தார்கள். ஆகவே நான் உடுப்பைத் தைத்து வாங்க வேண்டும், தேற வைக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆளையும் ஊருக்கு அழைத்து வர வேண்டும்.

தாராவிப் பட்டறைக்காரர் சாகுல் பாய்க்குப் பூர்வீகம் மேலப்பாளையம். தோல் பை தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது மழைக்கோட்டும் நனையாத பைகளும் தைக்கிறார். துணியையும் மாதிரிக்கு ஒரு வெளிநாட்டு உடுப்பையும் முன்பே பார்சலில் அனுப்பியிருந்தோம். அளவு கேட்டபோது போனில் சொன்னார்: "அண்ணாச்சி, இஞ்சுக் கணக்கெல்லாம் எழுதி அனுப்பாதீய. ஒரு அளவுச் சட்ட, அளவு பேண்ட் கொண்டாங்க. அத வச்சி வெட்டிருதோம்."

நம் ஊரில் தையற்கடைக்குப் போகிறவர்கள் காலம்காலமாகச் செய்வதுதானே. புஷ்பம் தன் மகனின் சட்டை பேண்ட்டைத் துவைத்துத் தேய்த்து, துணிக்கடைப் பையொன்றில் போட்டுக் கொடுத்தார். என் மனைவி எனக்கு மாற்றுடுப்பை அதே துணிக்கடையின் இன்னொரு பையில் போட்டுக் கொடுத்தாள். இரண்டும் ஒரே தீபாவளிக்கு வாங்கிய பை. இங்கேதான் விதை விழுந்தது.

முதல் நாள், லோக்கல் ரயிலில் மாட்டுங்காவில் இறங்க வேண்டியவன் தாதரிலேயே இறங்கினேன். இறங்கினேன் என்பது பெருமைக்கு, இறக்கப்பட்டேன். கதவுப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்றிருந்தேன். கூட்டம் இறங்கியது, நானும் அதன் நடுவில் காலைத் தரையில் வைக்காமலே இறங்கியிருந்தேன். "எறங்காதவன் எதுக்கு வாசல்ல நிக்கிறான்?" என்று யாரோ இந்தியில் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டினால் கண்டக்டர் நம்மைத் திட்டுவார். இங்கே திட்டுவதற்குக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.

மாட்டுங்காவில் என் பள்ளித் தோழன் கிச்சா இருக்கிறான். வங்கி வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்று, அங்கேயே தங்கிவிட்டவன். கதவைத் திறந்ததும், "என்னடா, கடல்லே காத்தாடி விடப்போறியாமே!" என்றான். காபி வந்தது. எங்கள் தெருமுனைக் கடையில் காபி என்ற பெயரில் கொடுப்பதற்கும் இதற்கும் உறவு கிடையாது. வெளியே பூக்கடையும் இலைக்கட்டுமாக இருந்த தெருவில், காய்க்காரர் மராத்தியில் பேரம் பேசிவிட்டுக் கிச்சாவிடம் தமிழில் "நல்ல முருங்கக்கா சாமி" என்றார். நான் மூன்று முறை இட்லி போட்டுக்கொண்டேன். இது பின்னால் முக்கியம்.

மத்தியானம் தாராவி. சாகுல் பாயின் பட்டறை ஒரு டீக்கடைக்கு மேலே. போவதற்கு ஓர் இரும்பு ஏணியும், பிடித்துக்கொள்ள ஒரு கயிறும். எங்கள் மையத்தில் கயிறு பிடித்து ஏணி ஏறுவதற்குத் தனியாகப் பாடம் வைத்திருக்கிறோம். இங்கே டீக்காரர் ஒரு கையில் டீக்கிளாஸ் தட்டோடு, அலைபேசியைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி ஏறிப்போனார். மனம் துள்ளியது. இந்தத் தெருவைக் கூப்பிட்டுக் கடலில் விட்டால் ஒரு மாதத்தில் காற்றாலை நட்டுவிடுவார்களே!

"வாங்க அண்ணாச்சி, டென்ஷன் வேண்டாம், எல்லாம் பிந்தாஸா பண்ணிருவோம்" என்று சாகுல் பாய் கையைப் பிடித்து மேலே இழுத்தார். மழைக்காலம் முடிந்து மழைக்கோட்டு வேலையும் நின்றிருந்தது. பாதி மெஷின்கள் உறை போட்டுத் தூங்கின. "இது மட்டும் கெடைச்சிதுன்னா, வெட்டுற வேலை இங்க, தைக்கிற வேலை அங்க. நமக்கும் வருசம் பூரா ஓடும்" என்றார். அவர் காட்டிய ஆள்தான் செல்வி. நாற்பது வயதிருக்கும். அப்பா அம்மா நாங்குநேரிப் பக்கம். இவர் பிறந்தது இந்தத் தாராவித் தெருவிலேயே. தமிழ் சரளம், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் ஒரு லோக்கல் ரயில் போய்விடும். தைத்து, பசை தடவி, மேலே பட்டை ஒட்டிச் சூட்டில் அழுத்தும் அந்தத் தையலில் பட்டறைக்கே அவர்தான் தலைமை.

"எங்க ஊருக்கு வந்து சொல்லிக்கொடுக்கணும்மா" என்றேன்.

"நான் வந்து அங்க என்ன செய்ய? எனக்கு ஊரு இதான். திருநெல்வேலியில ரெண்டு நாள் இருந்தா எனக்குத் தூக்கமே வராது, சத்தமே இல்ல." கையை நீட்டினார். "மொதல்ல அது பாஸ் ஆவட்டும். அளவு எங்க?"

பையைக் கொடுத்தேன். செல்வி சட்டையை எடுத்து விரித்தார், என்னைப் பார்த்தார், சாகுல் பாயைப் பார்த்தார். "கடல்ல வேல பாக்குற ஆளா இது?"

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு, திரும்பாமலே, "ஆமாம்மா, எங்க பயிற்சி மையத்திலேயே நல்ல உடல்வாகு அதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் நான் போனபோது உடுப்பு தயார். டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை. அங்கிருந்து குழாயை இழுத்து உடுப்புக்குள் காற்றடித்தார்கள். சந்தின் நடுவில் ஓர் ஆரஞ்சு மனிதன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான், கைகால்களை விரித்தான், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றான். செல்வி சோப்புத் தண்ணீரைத் தையல் மேலெல்லாம் பூசினார். அக்குளில் ஒரே ஒரு குமிழி. "அரே, வந்துட்டியா" என்று அதைத் திட்டிக்கொண்டே பட்டை ஒட்டினார். மறுபடி காற்று, மறுபடி சோப்பு. ஒரு குமிழிகூட வரவில்லை. சந்தே கைதட்டியது.

"என்ன அண்ணாச்சி, ஆளப் பாத்தா உங்கள மாதிரியே இருக்கு?" என்றார் சாகுல் பாய்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

சாயங்காலம் மாஹிம் பக்கம் கடலைப் பார்க்கப் போனேன். எங்கள் கடல் மாதிரி வாசமில்லை, ஆனாலும் கடல்தானே. வடாபாவைக் கடித்துக்கொண்டே புஷ்பத்தைக் கூப்பிட்டேன். "ஒரு குமிழி வரலம்மா! நாளைக்குச் செம்பூர்ல சோதனை. ஆண்டனி மாதிரியே ஒல்லியா ஒரு நீச்சல்காரரை அவங்களே வச்சிருக்காங்க, அவரு போட்டுக் குதிப்பாரு." அந்தப் பக்கம் புஷ்பம் யாரிடமோ "குமிழி வரலியாம்" என்று கத்துவதும், பெண்கள் சேர்ந்து கூவுவதும் கேட்டது. தனியாளாக நின்று மும்பையை ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. இன்னொரு வடாபாவ் வாங்கினேன்.

மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு, என் மாற்றுடுப்பை எடுத்துப் போட்டேன். பொத்தான் எட்டவில்லை. மூச்சை இழுத்தேன், எட்டவில்லை. "கிச்சா, ரெண்டு நாள்ல இவ்வளவு போட்டுட்டேனா? உன் வீட்டு இட்லியால வந்தது" என்று குரல் கொடுத்தேன்.

கிச்சா வந்து பார்த்தான். "ஏன்டா, இந்த வயசுலே உனக்கு எதுக்குடா இத்தனை கலர்லே கோடு போட்ட சட்டை?"

குனிந்து பார்த்தேன். ஆண்டனியின் சட்டை. அப்படியானால் தாராவியில் இருப்பது? நல்ல உடல்வாகு என்று நான் சொன்ன அது?

முந்தின நாள் சட்டையையே மாட்டிக்கொண்டு தாராவிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஏணியில் மட்டும் என் வாழ்நாளில் அதுவரை இல்லாத வேகம். விஷயத்தைச் சொன்னதும் சாகுல் பாய் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே நெனச்சேன், என்னடா இது, காத்தாலைல ஏறப் போறவனுக்குத் தலகாணி கெட்டுன மாதிரி வயிறுன்னு!"

"நெனச்சா சொல்ல வேண்டாமா பாய்?"

செல்வி குறுக்கே புகுந்தார். "நான் கேட்டேன்ல. நீங்கதான ஆமான்னீங்க. தொப்ப இருந்தா நல்லா மெதக்கும்போலன்னு நானும் வெட்டிட்டேன்."

இன்னொன்று தைக்க நேரமில்லை. அந்த அதிகாரி மறுநாள் வேறு ஊருக்குப் போகிறார். ஒல்லி நீச்சல்காரருக்கு இதைப் போட்டால் கழுத்து வழியாகவே கடல் உள்ளே போய்விடும். செல்வி உடுப்பின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

"உங்க மையத்துல நீங்கதான விசில் ஊதுறீய?" என்றார் சாகுல் பாய்.

"அதுதான் தெரியும்."

செல்வி உடுப்பை எடுத்து நீட்டினார். "பொருந்துதான்னு பாப்போம். போடுங்க."

அச்சில் வார்த்தது மாதிரி பொருந்தியது. என் கல்யாணச் சட்டைகூட இவ்வளவு பொருந்தியதில்லை. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். திரும்ப இறக்கினால் இறங்கவில்லை. சாகுல் பாய் இழுத்தார், டீக்காரர் இழுத்தார். "ஜிப்புக்கு மெழுகு தேச்சியா?" என்று பாய் கேட்க, செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒரு சின்ன திருப்தி. அன்றைய தப்புகளில் ஒன்றாவது என்னுடையது இல்லை.

சோதனைக்கு நேரமாகிவிட்டது, உடுப்போடு அப்படியே தெருவில் இறங்கினோம். டாக்சிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்தார், என்னை முழுசாகப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார். கடைசியில் சுனாபட்டி நிலையத்தில் லோக்கல் ரயிலில் ஏறினோம். மும்பை ரயில் கூட்டம் எனக்காக விலகியது. உட்கார இடம் கிடைத்தது! ஆனால் எல்லோர் முகத்திலும் ஏதோ ஒன்று சரியில்லை. இரண்டு பேர் மராத்தியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்: "செம்பூர்ல எங்கயோ கேஸ் லீக்காம். அதுக்குத்தான் நீங்க போறீங்களாம்."

ஒரு பெரியவர் என் பக்கம் குனிந்து இந்தியில் கேட்டார், "ரொம்ப மோசமா?"

"ரொம்ப மோசம்" என்றேன். என் நிலைமையைத்தான் சொன்னேன். அடுத்த நிலையத்தில் பாதிப் பெட்டி காலியானது.

செம்பூரில் ஒரு குடியிருப்பின் நீச்சல் குளம். சோதனை அதிகாரி கதம் மராத்திக்காரர். மீசை, கையில் ஒரு கடிகாரம், சிரிப்பைச் செலவழிக்காத முகம். என்னைச் சுற்றி வந்தார். "காற்றாலை ஆளா?" என்றார் இந்தியில்.

"மேலாளர். இது என் அளவுக்குத் தைத்தது, நானே குதிக்கிறேன்" என்றேன்.

"மேடையில் ஏறுங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். மிதக்க வேண்டும். நான் சொல்லும்வரை வெளியே வரக்கூடாது. உள்ளே போட்டிருக்கும் சட்டை நனைந்தால் தோல்வி."

மேடை ஓர் ஆள் உயரம்கூட இல்லை. எங்கள் பையன்கள் அதிலிருந்து சிரித்துக்கொண்டே விழுவார்கள். அங்கே நின்றபோதுதான் தெரிந்தது, விசில் ஊதுகிற இடத்திலிருந்து பார்த்தால் எல்லா மேடையும் தாழ்வு. காலை முன்னே வைத்தேன், பின்னே வைத்தேன். "அண்ணாச்சி, என் தையல் மேல சந்தேகமா?" என்று கீழேயிருந்து செல்வி கேட்டார். பதில் சொல்லத் திரும்பினேன். வழுக்கியது.

கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது. நான் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். தண்ணீர் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, உள்ளே வரவில்லை. "பாய்! மிதக்குறேன் பாய்!" என்று கத்தினேன். "தெரியுது அண்ணாச்சி, வாய மூடிக்கிடுங்க, தண்ணி போயிரும்!" என்று சாகுல் பாய் கரையில் குதித்தார். ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். ஐம்பது வருடங்களாகப் பயந்த தண்ணீர் இதுதானா!

வெளியே வந்தேன். செல்வி வழியில் வாங்கியிருந்த மெழுகுவத்தியைத் தேய்த்து ஜிப்பை இறக்கினார். கதம் என் சட்டையைத் தொட்டார். பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"தோல்வி" என்றார்.

எனக்குப் புஷ்பத்தின் குரல்தான் காதில் கேட்டது, அந்தப் பெண்களின் கூவலும். செல்விதான் முதலில் மராத்தியில் வெடித்தார். அதன் தமிழ் இது: "இது தண்ணியா? காலைலேர்ந்து இந்த ஆளு இதுக்குள்ள வெந்துட்டு வர்றாரு! வேர்வை இது, வேர்வை! உங்க கொளத்துல மருந்து வாடை அடிக்குது. இதுல அடிக்குதா? மோந்து பாருங்க!"

என் சட்டையைக் கழற்றிக் கதமின் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டார். இரண்டு நாள் மும்பையும் மூன்று வேளை இட்லியும் அந்தச் சட்டையில் இருந்தன. கதம் ஒரே ஒரு முறை மூச்சிழுத்தார். கண் கலங்கியது. "மருந்து வாடை இல்லை" என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் ஈரச் சட்டையைக் காய்ந்தது என்று எழுத முடியாது. காய்ந்த சட்டை இருக்கிறதா? இன்னொரு முறை."

காய்ந்த சட்டை ஒன்று இருந்தது. நடந்த தப்பைக் காட்டுவதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த ஆண்டனியின் அளவுச் சட்டை. உடம்பைத் துடைத்து, பொத்தான் போடாமல் அதை மாட்டி, மேலே உடுப்பைப் போட்டேன். மறுபடி மேடை. முதல் முறை வழுக்கி விழுந்தவன், இந்த முறை நானாகத்தான் குதிக்க வேண்டும். பயம் போயிருந்தது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் செல்வி கரையில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றிருந்தார். சாகுல் பாயின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. கைகளைக் கட்டிக்கொண்டேன். குதித்தேன்.

எவ்வளவு நேரம் மிதந்தேன் என்பது கதமின் கடிகாரத்துக்குத்தான் தெரியும். வெளியே வந்ததும் அவர் ஆண்டனியின் சட்டையை நுனி விரலால் தொட்டார். காலர், முதுகு, கை மடிப்பு. பிறகு பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே கேட்டார், "இந்தக் கோடு போட்ட சட்டை எங்கே கிடைக்கும்?"

சாகுல் பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் கதமையும் பிடிக்கப் போனார், அவர் விலகிக்கொண்டார். புஷ்பத்துக்குப் போன் போட்டேன். "பாஸ்!" என்றதும் அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அது அடங்கியதும் புஷ்பம் கேட்டார், "சரி சார், சொல்லிக்கொடுக்க ஆளு வருதா?"

"கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன். திரும்பும் ரயிலில் செல்வி உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அக்குள் தையலைத் தடவிக்கொண்டே வந்தார்.

நான்காம் நாள், ஊருக்குக் கிளம்பும் முன், கிச்சா வீட்டுக்குக் கொண்டுவந்த தூத்துக்குடி மக்ரூனில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். பட்டறையில் உறை போட்டிருந்த மெஷின்களில் இரண்டு உறை கழன்று ஓடின. சாகுல் பாய் வாயில் மக்ரூனைப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவ ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா கோவிச்சிக்கிடுவா. நீங்களே கேளுங்க."

செல்வி மெஷினில் குனிந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கடற்கரையில் புஷ்பம் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்றேன். மீன் குழம்பு அப்படி இருக்கும் என்றேன். சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றால் ராத்திரி முழுக்கக் கடல் கத்தும், கவலை வேண்டாம் என்றேன். மெஷின் நிற்கவில்லை. கடைசியாக எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன்:

"ஆண்டனியோட அளவுச் சட்டைய இங்கயே விட்டுட்டுப் போறேன். மத்தப் பயலுவ எல்லார் அளவுச் சட்டையையும் ஊருக்குப் போனதும் பார்சல்ல அனுப்பிடவா, செல்வி?"

தலை நிமிராமல் சொன்னார்:

"வேண்டாம், அளவு நானே வந்து எடுத்துக்கிடுதேன்."